பூச்சிமருந்து ஏறிவிட்டால்: வரப்பிலிருந்து வீடு திரும்பும்வரை குடும்பத்தார் செய்யவேண்டியவை

பருத்தி, மக்காச்சோளம், கத்தரி, நெல் என்று எதற்காவது மருந்தடிக்கும் ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், இது உங்களுக்காக எழுதியது. என் மச்சான் பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வரப்பில் சாய்ந்தபோது, அடுத்து என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை, அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஐ.சி.யூ., வென்டிலேட்டர், அவுட்போஸ்ட் போலீஸ், காப்பீட்டுக் கவுண்டர் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மச்சான் பிழைத்துவிட்டார். நாங்கள் அலைந்த அலைச்சல் இன்னொரு வீட்டுக்கு வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. எந்த மருந்தை எவ்வளவு போடுவது என்பது அவர்கள் வேலை. அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரையிலும், சேர்ந்த பிறகும் வீட்டு ஆட்கள் செய்யவேண்டியதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட், அசிபேட், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் என்ற ஒரே குடும்பம். போர் ஆயுதமாகச் செய்த சரின், டாபுன், வி.எக்ஸ் போன்ற நரம்பு நச்சுகளும் இதே குடும்பம்தான். வீரியத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் உண்டு. உடம்புக்குள் செய்யும் வேலை ஒன்றே. நரம்பு ஒரு சுரப்பிக்கோ தசைக்கோ கட்டளை கொடுக்க அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்து அப்புறப்படுத்துவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. அப்புறம் கட்டளை நிற்பதே இல்லை. எச்சில், கண்ணீர், வியர்வை, நெஞ்சுச் சளி எல்லாம் ஊறிக்கொண்டே இருக்கும்; தசை துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்ந்துபோகும். ஆள் இறப்பது பெரும்பாலும் மூச்சு விடமுடியாமல்தான்.

நல்ல செய்தியும் இதில் உண்டு. நச்சுத் தாக்குதலுக்கென்று ராணுவ மருத்துவர்கள் வைத்திருக்கும் அட்ரோபின்தான் நம்மூர் ஆரம்ப சுகாதார நிலைய அலமாரியிலும் இருக்கிறது. விலை மலிவான மருந்து. நேரத்துக்கு ஏறினால் உயிரைப் பிடித்து நிறுத்தும்.

1. வெயிலா, மருந்தா? வரப்பிலேயே பாருங்கள்

மருந்தடிக்கிறவருக்குத் தலை சுற்றினால், "வெயில் ஏறிடுச்சு, மோர் குடிச்சுட்டுப் படு" என்று சொல்லிவிடுவது வழக்கம். இந்த ஒரு பேச்சில் போகிற நேரம் பிறகு கிடைக்காது.

வெயிலில் சுருண்டவருக்கு வாய் வறண்டிருக்கும். மருந்து ஏறியவருக்கு வாயில் எச்சில் வழியும், கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், சிறுநீர் தானாகப் போகும். நெஞ்சுக்குள் சளி கொதிப்பதுபோலக் களகளவென்று சத்தம் கேட்கும். தொடையிலும் கையிலும் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோலத் தசை துடிக்கும். பார்வை மங்குகிறது என்பார்.

கண்மணியைப் பாருங்கள். அதே நிழலில் நிற்கும் இன்னொருவர் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சட்டென்று தெரியும். மருந்து ஏறியவரின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி இருக்கும். மச்சானுக்கு அப்படித்தான் இருந்தது. கருவிழியின் நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் கண்மணி சுருங்கவில்லை என்பதால் மருந்து ஏறவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எல்லாருக்கும் எல்லா அறிகுறியும் வராது.

தோல் வழியாக ஏறும் மருந்து உடனே காட்டாது. முதுகில் கட்டிய டேங்க் ஒழுகி, சட்டை நனைந்து, அப்படியே வெயிலில் நாலு வரிசை அடித்து முடித்தவருக்குச் சாயங்காலமோ ராத்திரியோதான் தெரியவரும். காலையில் மருந்தடித்தவர் இரவில் வாந்தி எடுத்தாலும் அதை மருந்தோடு சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் யாரும் மருந்தைக் குடித்தவர்கள் இல்லை. வயலில் வேலை செய்தவர்கள்.

2. முதலில் துணி, பிறகு வண்டி

ஆளை உடனே வண்டியில் ஏற்றத்தான் கை பரபரக்கும். ஆனால் நனைந்த சட்டையோடு ஏற்றினால், போகிற வழியெல்லாம் மருந்து உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். தூக்கிப் பிடித்திருப்பவருக்கும் ஏறும். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விட்டபோது, பாதிக்கப்பட்டவர்களை உடுத்திய துணியோடே மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்தார்கள். துணியிலிருந்து கிளம்பிய ஆவியில் சிகிச்சை கொடுத்த டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்குமே கண் மங்கித் தலை வலித்தது. நம் பூச்சிமருந்து அந்த அளவுக்கு ஆவியாகாது என்றாலும் கையிலும் மடியிலும் ஒட்டும்.

செய்யவேண்டியது இது. நீங்கள் முதலில் கையில் உறை போடுங்கள். உறை இல்லையென்றால் பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய லேடெக்ஸ் உறையை நம்பவேண்டாம். நைட்ரைல் உறை நல்லது. சட்டையையும் பனியனையும் தலைவழியாக இழுக்காமல் கத்தரியால் முன்பக்கம் வெட்டி எடுங்கள். தலைவழியாக இழுத்தால் துணியில் இருப்பது கண்ணிலும் வாயிலும் படும். லுங்கி, அரைஞாண்கயிறு, துண்டு, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உடம்பில் ஒட்டியதில் பெரும்பகுதி துணியோடு போய்விடும்.

பிறகு சோப்பும் தண்ணீரும். மோட்டார் ஓடினால் அதன் வாயிலேயே உட்காரவைத்து ஊற்றலாம். தலைமுடி, காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, நகக்கண் என்று மறைவிடங்களை விட்டுவிடாதீர்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், தோல் சிராய்த்தால் இன்னும் வேகமாக ஏறும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவவேண்டும். ஆள் மூச்சுக்குத் திணறினாலோ நினைவில்லாமல் இருந்தாலோ துணியை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு குடம் ஊற்றி, போர்வை சுற்றிக் கிளம்புங்கள். மிச்சத்தை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள்.

துணிகளை இரண்டு கவர் போட்டுக் கட்டிவிடுங்கள். தோல் செருப்பும் பெல்ட்டும் எத்தனை முறை கழுவினாலும் சுத்தமாகாது. காசைப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாதவை: உப்புக் கரைசல், புளித்தண்ணீர், சாணித்தண்ணீர், முட்டை என்று எதையும் ஊற்றாதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்த மருந்துகள் பல, பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தவை. வாந்தி புரைக்கேறி நுரையீரலுக்குள் போனால் அது இரண்டாவது விபத்து. பாலும் வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் தேங்குவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். இருசக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு போவதைத் தவிருங்கள். தலை முன்னால் சாய்ந்து மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும்.

3. 108, பாட்டில், எங்கே போவது

108க்குக் கூப்பிடும்போது "மயக்கம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பூச்சிமருந்து, மூச்சு இரைக்குது" என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும், சளியை உறிஞ்சி எடுக்கும் கருவியும் இருக்கும். வண்டி வர நேரமாகும் என்றால் காரோ ஆட்டோவோ பிடித்து எதிரே போய்ச் சந்திக்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒருவரை வயலுக்கு அனுப்பி மருந்துப் பாட்டிலை எடுத்துவரச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வீட்டிலிருந்து நாம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகக்கூடியதில் அந்தப் பாட்டிலைவிடப் பெரிய உதவி வேறில்லை. லேபிளில் மருந்தின் ரசாயனப் பெயர், வீரியத்தைக் காட்டும் முக்கோணம், முறிமருந்து பற்றிய குறிப்பு எல்லாம் இருக்கும். முக்கோணம் சிவப்பென்றால் மிகக் கொடிய நச்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறைந்துகொண்டே போகும். பச்சைதானே என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து டேங்கில் கலந்திருந்தால் எல்லாப் பாட்டிலும் வேண்டும். கடைக்காரர் வேறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தால் அவருக்கே போன் போட்டுப் பெயரைக் கேளுங்கள். பாட்டிலை மூடிக் கவரில் போட்டு எடுத்துவாருங்கள். லேபிளைப் போட்டோ எடுத்து, ஆளோடு போகிறவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

பெயர் ஏன் முக்கியம் என்றால், எல்லா நச்சுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. சில களைக்கொல்லிக்கு அட்ரோபின் பயன்படாது. எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் இரண்டு நாள் நன்றாகவே இருப்பதுபோல் தெரிவார், அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். "நல்லாத்தானே இருக்கான்" என்று எந்த நச்சுக்கும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

எங்கே போவது? பெரிய மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் இருந்து, ஆரம்ப சுகாதார நிலையம் பத்து நிமிடத்தில் இருந்தால், முதலில் அங்கே நிறுத்தி முதல் டோஸ் அட்ரோபினைப் போட்டுக்கொண்டு போவதுதான் சரி. அங்கிருந்து அனுப்பும்போது ரெஃபரல் சீட்டில் இரண்டு விவரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: அட்ரோபின் எத்தனை ஆம்பூல் (ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பி) போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள். எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வென்டிலேட்டர் இல்லாத சிறு மருத்துவமனையில் ஒரு ராத்திரியைக் கழிக்காதீர்கள். எங்களுக்கு நேர்ந்தது அதுதான். டவுனில் நாங்கள் முதலில் போன தனியார் மருத்துவமனையில் முன்பணம் 50,000 ரூபாய் கேட்டார்கள், கட்டினோம், குளுக்கோஸ் ஏற்றி வைத்திருந்து, மூச்சு மோசமானதும் "எங்களிடம் வசதி இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். சேர்க்கும்போதே கேளுங்கள்: "வென்டிலேட்டர் காலியாக இருக்கிறதா? இந்த மாதிரி கேஸ் பார்ப்பீர்களா?" இல்லை என்றால் முதலுதவியோடு அடுத்த இடம். நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போவதுதான் என் பரிந்துரை. இத்தகைய நோயாளிகளை வருடம் முழுக்கப் பார்க்கும் கை அங்கேதான் இருக்கிறது. அங்கே அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். மூச்சுத் திணறல் இருப்பதை நுழையும்போதே சத்தமாகச் சொல்லுங்கள்.

டாக்டர்களும் ஆலோசனை கேட்கக்கூடிய ஓர் எண் உண்டு: டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையம், கட்டணமில்லா எண் 1800 116 117. சிறு ஊர் மருத்துவமனையில் இருக்கும்போது இந்த எண்ணைப் பணிவாக எடுத்துக்கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

4. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்

கேஸாகிவிடும் என்று பயந்து உண்மையை மறைக்கும் குடும்பங்களை அந்த வார்டு வாசலில் நிறையப் பார்த்தேன். பூச்சிமருந்தைக் குடித்திருந்தால் "மருந்தடிக்கும்போது பட்டுடுச்சு" என்பார்கள். மருந்தடித்தபோது ஏறியிருந்தால் நிலத்துக்காரருக்குப் பயந்து "சாப்பாடு ஒத்துக்கலை" என்பார்கள். இரண்டுமே உயிருக்கு உலை. வயிற்றுக்குள் போனதா, தோலில் பட்டதா, எத்தனை மணிக்கு என்பதை வைத்துத்தான் சிகிச்சையே மாறுகிறது. வயிற்றுக்குள் போகாதவருக்கு வயிறு கழுவத் தேவையில்லை. போனவருக்குக்கூட முதல் ஒன்றிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் கழுவுவதில் பெரிய பயன் இல்லை. "வயிற்றைக் கழுவலையே" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

போலீஸ் விஷயம். நச்சு என்றாலே மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். என்று சொல்வது அதைத்தான். அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் போகும், போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்குவார்கள். இது நடைமுறை. உங்களைக் குற்றவாளியாக்க இல்லை. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அரசோ தனியாரோ, எந்த மருத்துவரும் போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்கவேண்டும். "போலீஸ் வந்தால்தான் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

குடித்தவர் வீட்டாருக்குத் தனியாக ஒன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சிக்கான பழைய சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. மறைக்க எந்தக் காரணமும் இல்லை. ஏ.ஆர். பதிவில் "தவறுதலாக" என்பதா, "தெரிந்தே" என்பதா என்று எழுதப்படும் ஒற்றைச் சொல் பின்னால் காப்பீட்டில் பேசப்படும். மருந்தடித்தபோது ஏறியதென்றால் எந்த வயல், எந்தப் பயிர், எத்தனை மணி என்பதைச் சேர்த்துச் சொல்லி எழுதவையுங்கள்.

5. ஐ.சி.யூ. கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது

அட்ரோபின் ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். இந்த நச்சுக்கு அதை ஒன்றுக்குப் பின் ஒன்றாக உடைத்துக்கொண்டே இருப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, சளி குறையவில்லை என்றால் அளவை இரட்டிப்பார்கள். நெஞ்சு சுத்தமாகி, நாடி ஏறி, வியர்வை நின்று உடம்பு உலர்ந்தால் சரியான அளவு வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு பம்ப்பில் சொட்டுச் சொட்டாக ஓடும். மச்சான் படுக்கைக்குக் கீழே இருந்த தட்டில் உடைந்த ஆம்பூல் கழுத்துகள் குவிந்து கிடந்ததைப் பார்த்து என் அக்கா பயந்துபோனாள். இந்த நச்சில் அது வழக்கம்தான்.

பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்து உண்டு. வார்டில் பாம் என்பார்கள். நச்சு ஒட்டிய நொதியைப் பிரித்து விடுவிப்பது அதன் வேலை. நேரமாக ஆக அந்த ஒட்டு இறுகிப்போகும். சோமன் என்ற போர் நச்சில் சில நிமிடங்களிலேயே இறுகிவிடுகிறது. டைமெத்தோயேட் போன்றவற்றில் சில மணி நேரம், குளோர்பைரிபாஸ் போன்றவற்றில் ஒரு நாளுக்கு மேலும் அவகாசம் இருக்கிறது. பூச்சிமருந்து நஞ்சில் இதன் பலன் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சில டாக்டர்கள் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். பாம் போடவில்லை என்பதற்காக ஆளை இடம் மாற்றாதீர்கள். அட்ரோபினும் மூச்சுக்கு உதவியும்தான் உயிர் காப்பவை.

அட்ரோபின் அளவு மிஞ்சும்போது ஆள் உளறுவார். காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து எடுப்பார், போர்வையைக் கிள்ளுவார், ஊசியைப் பிடுங்குவார், வீட்டு ஆளையே தெரியாது என்பார். உடம்பு சுடும், தோல் காய்ந்து சிவக்கும், சிறுநீர் வராது. கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருப்பார்கள். பார்க்க மனசு தாங்காது. பேய் பிடித்துவிட்டது, மூளை போய்விட்டது என்று உறவுக்காரர்கள் பேசுவதைக் காதில் வாங்காதீர்கள். அளவைக் குறைத்தால் தெளிந்துவிடும். உள்ளே போகிற நேரத்தில் இப்படி ஏதாவது கண்டால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.

6. மூன்றாம் நாள், நான்காம் நாள்

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. முதல் நாள் கண்டம் தாண்டி, ஆள் கண் விழித்து, பேசி, இட்லி கேட்பார். "சரியாயிட்டான், எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

நச்சு ஏறி 24 மணியிலிருந்து 96 மணிக்குள் சிலருக்கு மூச்சுத் தசை மறுபடியும் தளர்ந்துவிடும். 1987இல் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரள்ளியத்தவும்தான் இதைத் தனி நிலையாக அடையாளம் காட்டினார்கள். அட்ரோபின் இதற்குக் கேட்காது, வென்டிலேட்டர்தான் வழி. வெளியே தெரியும் முதல் அடையாளம் கழுத்து. மல்லாந்து படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை என்றாலோ, தூக்கி நிறுத்த முடியவில்லை என்றாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, பேச்சு மூக்கால் வந்தாலோ அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள். மச்சானுக்கு இதைக் கண்டுபிடித்தது ஒரு பயிற்சி டாக்டர் பெண். காலையும் மாலையும் வந்து, "அண்ணா, தலையைத் தூக்குங்க பார்ப்போம்" என்பார். முந்தின நாள் தூக்கியவர் அன்றைக்குத் தாடையை மட்டும் அசைத்தார். உடனே மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அந்த நேரத்தில் நாங்கள் வீட்டில் இருந்திருந்தால் ஆள் இல்லை.

குழாய் போட்டால் பெரும்பாலும் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். நாள் ஆக ஆகத் தொண்டையில் துளையிட்டுக் குழாயை மாற்றுவோம் என்பார்கள். அதற்குக் கையெழுத்துக் கேட்பார்கள். கை நடுங்கும். அது நோய் முற்றிவிட்டது என்பதற்கான அறிகுறி இல்லை. சளி எடுக்க வசதி, நோயாளிக்கும் வேதனை குறைவு. இந்தத் தசைத் தளர்ச்சி மீளக்கூடியது. காத்திருந்தால் ஆள் எழுவார்.

7. செலவும் காகிதமும்

அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, வென்டிலேட்டர் எல்லாம் இலவசம். கையிலிருந்து போவது உடனிருப்பவர் சாப்பாடு, பஸ், பெரியவர்களுக்கான டயாப்பர் (பாக்கெட் 400, 500 ரூபாய்), விரிப்பு, எப்போதாவது வெளியில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை. மூன்று வாரம் என்றால் இதுவே கணிசமான தொகை. வேலைக்குப் போகாத கூலியையும் சேர்த்து மனசில் வையுங்கள். தனியாரில் ஐ.சி.யூ. படுக்கையோடு வென்டிலேட்டரும் சேர்ந்தால் எங்கள் பக்கம் நாளுக்கு 20,000 ரூபாய்க்குக் குறைத்துச் சொன்னவர் யாரும் இல்லை. நகை அடகு வைக்கும் முன் எத்தனை நாள் ஆகக்கூடும் என்று கணக்குப் போடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை வீட்டில் கிடந்தால் ரேஷன் கார்டு எண்ணை வைத்தே பாலிசி எண்ணைக் கண்டுபிடிக்கலாம். அட்டையே இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். சேர்ந்த அன்றே காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் பயனில்லை. தனியார் மருத்துவமனையானால் அது திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை அங்கே அனுமதிக்கப்பட்டதா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் சாலை விபத்துக்கானது. அதை நம்பித் தனியாருக்குப் போய்விடாதீர்கள்.

ஒரு பையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: ஆதார், ரேஷன் கார்டு நகல்கள், ஏ.ஆர். எண் எழுதிய சீட்டு, முதலில் பார்த்த இடத்தின் ரெஃபரல் சீட்டு, பணம் கட்டிய எல்லா ரசீதும், மருந்துக் கடைப் பில், மருந்துப் பாட்டிலின் போட்டோ. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பூச்சிமருந்தின் ரசாயனப் பெயர், எப்படி ஏறியது, சேர்த்த தேதி, வென்டிலேட்டரில் இருந்த நாட்கள், கோலினெஸ்டரேஸ் அளவு எல்லாம் இருக்கவேண்டும். பெயரிலோ வயதிலோ ஆதாரோடு ஒத்துப்போகாத பிழை இருந்தால் அன்றே திருத்தி வாங்குங்கள். மறுநாள் போனால் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு, வார்டு, நிலைய மருத்துவ அலுவலர் என்று சுற்ற விடுவார்கள்.

கூலிக்கு மருந்தடித்தவர் என்றால், நிலத்துக்காரரிடம் உதவி கேட்பது பிச்சை இல்லை. பேச்சு முற்றினால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

முடங்கிய நொதி உடம்பில் மெல்லத்தான் திரும்பும். ரத்தச் சிவப்பணுவில் உள்ளது நாளுக்குச் சுமார் 1 சதவீதம்தான் ஏறும். அதனால் குறைந்தது மூன்று மாதத்துக்கு மருந்து டேங்க் பக்கம் போகக்கூடாது. மருந்தடிக்கும் வயலில் நிற்பது, கலப்பது, டேங்க் கழுவுவதுகூட வேண்டாம். சீசன் நேரம், ஆள் கிடைக்கவில்லை என்று இழுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுப் பெண்கள்தான் உறுதியாக நிற்கவேண்டும். என் அக்கா நின்றாள்.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாதம் மரத்துப்போவது, கெண்டைக்கால் இழுப்பது, செருப்பு தானாகக் கழன்று விழுவது என்று ஏதாவது இருந்தால் நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சில ஆர்கனோபாஸ்பேட்டுகள் தாமதமாக நரம்பைப் பாதிப்பதுண்டு. தூக்கமின்மை, மறதி, எரிச்சல் சில மாதம் இருக்கலாம்; சோம்பேறி என்று ஏசாதீர்கள்.

மருந்தைக் குடித்துப் பிழைத்தவர் என்றால் மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் "ஏன் இப்படிப் பண்ணினே" என்று ஆளாளுக்குக் கேட்பதை நிறுத்துங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416, சுகாதார உதவி 104 இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்; உடனிருக்கும் நீங்களும் பேசலாம். மிச்ச மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வேண்டிய அளவு மட்டும் அன்றைக்கு வாங்குங்கள். தவிர்க்கமுடியாமல் வைத்தால் பூட்டிய பெட்டியில், சாவி அவர் கையில் இல்லாமல்.

மூன்று மாதம் முடிந்து மறுபடி மருந்தடிக்கப் போகிறவருக்கு: காற்று முதுகுப்பக்கம் இருந்து வீசவேண்டும், முழுக்கைச் சட்டை, நைட்ரைல் உறை, கண்ணாடி வேண்டும், அடைத்த நாசிலை வாயால் ஊதக்கூடாது. முகத்தில் கட்டிய துண்டு நனைந்துவிட்டால் அது மருந்தை மூக்கிலேயே பிடித்து வைக்கும், உடனே மாற்றவேண்டும். முதுகில் ஈரம் தெரிந்தால் அந்த வரிசையை முடிக்கக் காத்திருக்காமல் டேங்கை இறக்கிவைத்து, சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். ஒழுகும் டேங்கின் வாசர் இரும்புக் கடையில் சில ரூபாய்தான். அதை மாற்றிய பிறகு மிச்ச வரிசையை அடிக்கலாம்.